சிவப்பு ரிப்பன் கட்டிய வான்கோழி

அமெரிக்கக் காடு. தோளில் துப்பாக்கியுடன் ஒரு மனிதர் நடந்து போகிறார். கூட ஒரு நாய். வழிகாட்ட ஆள் கிடையாது. அது அவர் பிறந்த மண்ணும் அல்ல, வளர்ந்த நாடும் அல்ல.

அவர்தான் ஜான் ஜேம்ஸ் ஆடுபன். பறவைகளைப் படம் வரைந்து உலகப் புகழ் பெற்றவர்.

ஆடுபன் 1785-ம் ஆண்டு, இன்று ஹைத்தி எனப்படும் நாட்டில் பிறந்தார். தகப்பனார் பிரெஞ்சுக் கப்பல் தலைவர். பையன் பிரான்சில் வளர்ந்தான். நெப்போலியன் வாலிபர்களைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. மகன் அதில் சிக்கக் கூடாது என்று, 1803-ல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார் தகப்பனார். ஆடுபனுக்கு அப்போது வயது 18. இங்கிலீஷ் சரியாகப் பேச வராது.

1808-ல் லூசி என்ற பெண்ணை மணந்தார். பிறகு கெண்டக்கி மாகாணத்தில், ஒகையோ ஆற்றங்கரையில் உள்ள ஹெண்டர்சன் என்ற சிற்றூரில் கடை வைத்தார். ஆனால் கடையில் மனம் ஒட்டவில்லை. பொழுது விடிந்தால் காட்டுக்குப் போய்விடுவார்!

கண்ணில் படாத பறவை

நம் ஊரில் வளர்க்கும் வான்கோழிக்கு அமெரிக்கக் காட்டு வான்கோழிதான் மூதாதை. ஆனால் வளர்ப்புக் கோழியைப் போல மந்தமாக இருக்கும் என்று நம்பிப் போகும் புது ஆள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அதற்குக் கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை. ஓட்டத்திலும் கெட்டி. இரவில் உயர்ந்த மரங்களில்தான் தங்கும்.

காடு தெரியாதவர் அதை எங்கே தேடுவது? ஓக் மரத்தின் கொட்டைகள் எங்கே நிறைய உதிர்ந்து கிடக்கின்றனவோ, அங்கே கூட்டம் கூட்டமாக வரும். குறுக்கே ஆறு வந்தால் கரையில் உள்ள மர உச்சிகளில் ஏறி, எல்லாம் சேர்ந்து பறந்து கடக்கும். வலுவில்லாத குஞ்சுகள் தண்ணீரில் விழுந்து நீந்திக் கரை சேரும்.

வசந்த காலத்தில் வேட்டைக்காரர்கள் வேறு தந்திரம் செய்வார்கள். வான்கோழியின் இறக்கை எலும்பை உதட்டில் வைத்துக் காற்றை உறிஞ்சினால், பெட்டை கூப்பிடுவது போலவே ஒலி வரும். சேவல் தேடி வரும். ஒலி கொஞ்சம் பிசகினாலும் போச்சு! இதையெல்லாம் ஆடுபன் காட்டிலேயே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

நாய் நின்றுவிட்டது

பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன ஒரு காட்டு வான்கோழிக் குஞ்சைப் பிடித்து வளர்த்தார் ஆடுபன். அது ஊருக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் பின்னால் வரும். ஆனால் இரவில் மற்ற வான்கோழிகளோடு அடையாது. வீட்டுக் கூரைமேல்தான் தூங்கும். ஒரு நாள் காட்டுக்குப் போனது, திரும்பவே இல்லை.

சில நாட்கள் கழித்து ஆடுபன் வேட்டைக்குப் போனார். ஐந்து மைல் நடந்திருப்பார். பெரிய வான்கோழி ஒன்று பாதையைக் கடந்தது. நாயை ஏவினார். ஜூனோ பாய்ந்தது. வான்கோழியோ ஓடவில்லை! கவ்வப் போன நாய் சட்டென்று நின்று எஜமானைத் திரும்பிப் பார்த்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், அது அவர் வளர்த்த பறவை. நாயை அடையாளம் கண்டு அங்கேயே நின்றிருந்தது.

வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் மறு வசந்தத்தில் யாரோ காட்டுப் பறவை என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். கழுத்தில் இருந்த சிவப்பு ரிப்பனைப் பார்த்த பிறகே விஷயம் தெரிந்தது. செத்த பறவையை ஆடுபனிடம் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

1819-ல் வியாபாரம் நொடித்தது. கடனுக்காகச் சிறைக்கும் போனார். அதன் பிறகு படம்தான் பிழைப்பு. லூசி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆடுபன் அடிமைகளை வாங்கி விற்றவர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

1827 முதல் 1838 வரை பிரிட்டனில் அவருடைய பறவைப் படங்கள் அச்சாகி வந்தன. மொத்தம் 435 படங்கள். ஒவ்வொரு பறவையும் அதன் உண்மையான அளவில். அதற்காகவே மூன்று அடிக்கு மேல் உயரமுள்ள காகிதம் தேவைப்பட்டது. முதல் படமாக அவர் வைத்தது காட்டு வான்கோழிச் சேவல். ஆறாவது படத்தில் பெட்டையும் குஞ்சுகளும்.

ஆடுபன் 1851-ல் நியூயார்க்கில் காலமானார்.