வால்டெமர் ஹாஃப்கின்

மும்பையின் பரேல் பகுதியில் இன்றும் இயங்கிவரும் ஹாஃப்கின் ஆய்வு நிறுவனத்திற்குப் பெயர் தந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். அவர் 1860ஆம் ஆண்டு கருங்கடற்கரை நகரான ஒடெசாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது நூலகப் பணியே. எனினும், ஓய்வு நேரங்களில் நுண்ணுயிர்களை ஆராய்ந்து வந்தார். பழகிய நீர்மத்திலிருந்து புதியதொன்றிற்குத் திடீரென மாற்றப்படும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. சிறிது சிறிதாக மாற்றினால் புதிய சூழலுக்கு இசைந்து வாழ்கின்றன. இந்த ஆய்வை அவர் 1890இல் வெளியிட்டார். நோயைத் தாங்கும் ஆற்றலை உடல் எவ்வாறு பெறுகிறது என்னும் வினாவும் அதனோடு பிணைந்திருந்தது. 1892இல் காலராத் தடுப்பு மருந்தை உருவாக்கித் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார்; அடுத்த ஆண்டு இந்தியா வந்தார்.

1896இல் பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. மக்கள் அஞ்சி நகரைவிட்டு வெளியேறினர். ஹாஃப்கின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இரவு பகலாக உழைத்தார். இறைச்சிச் சாற்றின்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். அத்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் ஆலம் விழுதுகள்போல் கீழ்நோக்கி வளர்ந்தன. அவற்றை 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்துக் கொன்றார். இறந்த கிருமி நோயைத் தாராது. ஆயினும், அதனை எதிர்க்க உடல் பழகிக்கொள்ளும். 1897 ஜனவரி 10ஆம் நாள் அம்மருந்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்து நீங்கின. பின்னர், பைகுல்லா சிறையில் விரும்பி முன்வந்த கைதிகளுக்கு அது செலுத்தப்பட்டது. (நெரிசலான குடியிருப்புகளில் நோய் பெருகியது கண்டு 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. பின்னாளில் தமிழர் பலர் குடியேறிய மாட்டுங்கா, அவ்வறக்கட்டளையின் திட்டத்தால் உருவானதே.)

1902இல் பஞ்சாபின் முல்கோவால் ஊரில் ஊசி போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. அவர் பதவியினின்று விலக்கப்பட்டார். குப்பியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அது உரியவாறு தூய்மை செய்யப்படாததும் பின்னரே கவனிக்கப்பட்டன. ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் அவருக்காக வாதாடினர். 1907இல் அவர்மீதிருந்த பழி நீங்கியது. நீதி மிகத் தாமதமாகவே வந்தது. பம்பாய் ஆய்வகத் தலைமையில் அதற்குள் வேறொருவர் அமர்ந்திருந்தமையால், அவர் கல்கத்தாவில் பணியாற்றி ஓய்வுபெற்றார்.

பரேல் ஆய்வகத்திற்கு 1925இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹாஃப்கின் காலமானார்.