உடலையே நூலாகக் கற்றவர்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மருத்துவக் கல்விக்கூடங்களில் ஒரு வழக்கம் நிலவியது. பேராசிரியர் உயர்ந்த பீடத்தில் அமர்ந்து, கேலன் என்னும் பண்டைய மருத்துவரின் நூலைப் படிப்பார். கீழே, மேசைமீது கிடத்தப்பட்ட உடலை அறுவைத் தொழில் செய்யும் நாவிதர் அறுத்துக் காட்டுவார். மாணவர் தொலைவில் நின்று பார்ப்பர். நூலில் உள்ளதும் உடலில் உள்ளதும் வேறுபட்டால், நூலே சரியெனக் கொள்ளப்பட்டது.

கேலன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர். அக்கால ரோமானியப் பேரரசில் மனித உடலை அறுத்து ஆராயும் வாய்ப்பு இல்லை. ஆகவே அவர் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை ஆராய்ந்து, கண்டவற்றை மனிதருக்கும் பொருத்தி எழுதினார். ஆராய்ச்சியில் ஊறிய அம்மேதையின் நூல்களை, ஆராயாமலே மனனம் செய்வதைக் கல்வியாக்கினர் பின்வந்தோர். இந்நிலை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நீடித்தது.

இதனை மாற்றியவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். இவர் 1514 ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் பேரரசரின் அரண்மனையில் மருந்தாளராகப் பணியாற்றினார். வெசாலியஸ் பாரிஸ் நகரில் மருத்துவம் பயின்றபோது, இடுகாட்டில் குவிந்து கிடந்த எலும்புகளைத் தேடிச் சென்று ஆராய்ந்தார். கண்களைக் கட்டிக்கொண்டு, கையால் தடவியே எந்த எலும்பு எதுவெனக் கூறும் அளவிற்குத் தேர்ச்சி பெற்றார்.

1537 இல் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், உடனே அங்கேயே ஆசிரியராக அமர்த்தப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்றுகூட நிறையவில்லை. அவர் பீடத்தில் அமரவில்லை. கீழே இறங்கி வந்து, கத்தியைத் தம் கையில் எடுத்தார். மாணவரை மேசையருகே அழைத்துக் காட்டினார். மரண தண்டனை பெற்றோரின் உடல்கள் நீதிபதியின் இசைவுடன் அவருக்குக் கிடைத்தன.

வெசாலியஸ் கேலனை வெறுத்தவர் அல்லர். கேலனின் நூல்களைப் பதிப்பிக்கும் பணியிலும் துணைநின்றவர். ஆழ்ந்து கற்றமையாலேயே முரண்பாடுகள் அவருக்குப் புலப்பட்டன. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றார் கேலன். வெசாலியஸ் கண்டதோ ஒன்றே. மார்பெலும்பு ஏழு பகுதிகள் உடையது என்றது நூல், மூன்றே தென்பட்டன. இவ்வேறுபாடு ஏன் என அவர் சிந்தித்தார். 1540 இல் போலோனா நகரில் மனித எலும்புக்கூட்டையும் குரங்கின் எலும்புக்கூட்டையும் ஒப்பிட்டுக் காட்டினார். கேலன் விவரித்தது பல இடங்களில் குரங்கின் உடலையே என்பது அவையோருக்கு விளங்கிற்று.

1543 இல், தம் இருபத்தெட்டாம் வயதில், மனித உடலின் அமைப்பை விளக்கும் பெருநூலைப் பாசல் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அதில் இடம்பெற்றன. எதிர்ப்பும் உடனே எழுந்தது. பாரிஸில் அவருக்குக் கற்பித்த சில்வியஸ் என்னும் பேராசிரியரே கடுமையாகச் சாடினார். கேலன் தவறியிருக்க இயலாது, அவர் காலத்திற்குப் பின் மனித உடல்தான் மாறிவிட்டது என்று வாதிட்டார். மனம் நொந்த வெசாலியஸ் தம் குறிப்புகள் சிலவற்றைத் தீயிலிட்டார். பாதுவாவை விட்டு நீங்கிப் பேரரசரின் மருத்துவரானார்.

ஆயினும் அவரது ஐயம் ஓயவில்லை. இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்திற்கு, நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே குருதி செல்வதாகக் கேலன் எழுதியிருந்தார். அத்துளைகள் வெசாலியஸின் கண்ணுக்குத் தென்படவில்லை. எனினும் முதற்பதிப்பில் அதனை வெளிப்படையாக மறுக்க அவர் தயங்கினார். 1555 இல் வந்த இரண்டாம் பதிப்பிலோ தம் ஐயத்தைத் தெளிவாகவே எழுதினார். பழைய நம்பிக்கை அவரையும் எவ்வளவு இறுகப் பற்றியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

1564 இல் எருசலேம் சென்று திரும்பும் வழியில், கிரேக்க நாட்டின் சாக்கிந்தோஸ் தீவில் வெசாலியஸ் காலமானார். பின்னர், அதே பாதுவாவில் பயின்ற வில்லியம் ஹார்வி, குருதி உடல் முழுவதும் சுற்றி வருவதை 1628 இல் நிறுவினார். கேலனின் பெயர் இன்றும் மதிக்கப்படுகிறது. அவரைக் கேள்வி கேட்கலாகாது என்ற கட்டுப்பாடு மட்டுமே வீழ்ந்தது. கற்றதை மீண்டும் தம் கண்ணால் காண விரும்பிய ஓர் இளைஞரின் துணிவே அதற்கு வித்திட்டது.

சிந்தித்து விடையளிக்க:
1. கேலனின் நூலில் பிழைகள் நேர்ந்தமைக்குக் காரணம் யாது?
2. வெசாலியஸின் கற்பிக்கும் முறை பிறர் முறையினின்று எவ்வாறு வேறுபட்டது?
3. ஒருவரை மதித்துக்கொண்டே அவர் கருத்தை ஐயுற இயலுமா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.