உண்ணியின் குற்றத்தை மெய்ப்பித்த தியோபால்ட் ஸ்மித்

மாட்டின் காதோரத்திலும் நாயின் கழுத்திலும் பருத்துத் தொங்கும் உண்ணியை நாம் கண்டிருக்கிறோம். பிடுங்கி எறிந்துவிட்டு அதனை மறந்தும் விடுகிறோம். அச்சிற்றுயிர் நோயைச் சுமந்து சென்று உயிரைப் பறிக்க வல்லது என்பதை முதன்முதலில் ஆய்வின் வாயிலாக நிறுவியவர் தியோபால்ட் ஸ்மித் ஆவார்.

அவர் 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள், தந்தையார் தையற்காரர். 1883இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஸ்மித், வாஷிங்டனில் அரசாங்கக் கால்நடைத் துறையில் ஆய்வாளராக அமர்ந்தார். அங்கே அவர் கண்டறிந்த ஒரு நுண்ணுயிர், மேலதிகாரியான சால்மனின் பெயரால் சால்மனெல்லா என்று இன்றும் வழங்குகிறது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்!

அந்நாளில் டெக்சஸ் காய்ச்சல் என்னும் நோய் அமெரிக்க உழவர்களைக் கலங்க வைத்திருந்தது. தென் மாநில மாடுகளைக் கோடையில் வடக்கே ஓட்டிச் செல்வார்கள். அவை நோயின்றிக் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால், அவை மேய்ந்த புல்வெளியில் மேய்ந்த வடநாட்டு மாடுகளோ ஒரு மாதத்திற்குப் பின் காய்ச்சல் கண்டு, சிறுநீர் செந்நிறமாகி, கூட்டங்கூட்டமாக மடியும். நோயில்லாத மாடு நோயைத் தருவது எப்படி? அதுவும் ஏன் இத்தனை நாள் கழித்து? உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சிலர் சொல்லி வந்தனர். கற்றோர் அதைக் கேட்டு நகைத்தனர். ஸ்மித் நகைக்கவில்லை, சோதித்துப் பார்க்க எண்ணினார்.

1889ஆம் ஆண்டுக் கோடையில், கால்நடை மருத்துவர் கில்போர்னுடன் சேர்ந்து வேலியிட்ட வயல்களில் அவர் பணியைத் தொடங்கினார். ஒரு வயலில் உண்ணியுள்ள தென்னாட்டு மாடுகளையும் நலமுள்ள வடநாட்டு மாடுகளையும் ஒன்றாக விட்டனர். மற்றொன்றில், தென்னாட்டு மாடுகளின் உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கிய பின்னரே சேர்த்துவிட்டனர். வெயிலில் வியர்வை வழிய, உதைக்கும் மாட்டின் வயிற்றடியில் குனிந்து உண்ணி பொறுக்குவது எளிதான வேலையா? முதல் வயலில் வடநாட்டு மாடுகள் நோயுற்றன. இரண்டாவதில் அவை நலமாகவே இருந்தன. மாடே இல்லாமல் உண்ணிகளை மட்டும் தூவிய வயலிலும் நோய் தோன்றியது.

அதன்பின் ஸ்மித் உண்ணி முட்டைகளை ஆய்வுக்கூடத்தில் பொரிக்க வைத்து, அக்குஞ்சுகளை நலமுள்ள மாட்டின் மீது விட்டார். அம்மாடும் நோயுற்றது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் கிருமி குஞ்சுக்குச் செல்கிறது என்பது இதனால் விளங்கியது. ஒரு மாதத் தாமதத்தின் புதிரும் அவிழ்ந்தது: வயிறு புடைத்த உண்ணி தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, குஞ்சுகள் பொரித்துப் புதிய மாட்டில் ஏறுவதற்கு அத்தனை நாள் வேண்டும். இரத்தச் சிவப்பணுக்களுக்குள் இரட்டை இரட்டையாகக் குடியிருந்த பேரிக்காய் வடிவக் கிருமியையும் அவர் நுண்ணோக்கியில் கண்டார். தென்னாட்டு மாடுகள் கன்றுப் பருவத்திலேயே அதனை ஏற்று, எதிர்க்கும் ஆற்றல் பெற்றிருந்தன.

இவ்வாய்வு 1893இல் வெளிவந்தது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்ட் ராஸ் கண்டது அதற்குப் பின், 1897இல்தான். 1906இல் ரிக்கெட்ஸ் என்பவர், மனிதரைக் கொல்லும் புள்ளிக் காய்ச்சலையும் உண்ணியே பரப்புகிறது என்று காட்டினார்.

ஸ்மித் பின்னர் ஹார்வர்டில் பேராசிரியராகி, மாட்டுக் காசநோய்க் கிருமியும் மனிதக் காசநோய்க் கிருமியும் வேறு வேறானவை என்பதை விளக்கினார். 1934ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இயற்கை எய்தினார்.

உண்ணியை ஒழிக்கும் பெரும்பணி 1906இல் அமெரிக்காவில் தொடங்கியது. மருந்துநீர் நிறைந்த தொட்டிகளில் மாடுகளை இரு வாரங்களுக்கு ஒரு முறை இறக்கி நீந்தச் செய்தனர். வெறுப்புற்ற உழவர் சிலர் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்ததும் உண்டு. ஆயினும் பணி நிற்கவில்லை. 1943இல் மெக்சிக்கோ எல்லையோரப் பகுதி நீங்கலாக அந்நாடு அவ்வுண்ணியிலிருந்து விடுபட்டது. இன்றும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் குதிரையேறிய காவலர்கள், அக்கரையிலிருந்து நீந்தி வரும் மாடுகளைப் பிடித்து, மேனியெங்கும் கையால் தடவி உண்ணி தேடுகின்றனர்.