குணங்குடியார் வாழ்வும் இசையும்

நோன்பு மாதத்துப் பின்னிரவில், சஹர் நேரத்தில், தாயிரா என்னும் பறையைக் கொட்டிக்கொண்டு தெருவழியே வரும் பக்கீர்களின் குரல் கேட்டு விழித்தெழுந்த தலைமுறை நம்முடையது. அவர்கள் பாடியவற்றுள் எது யார் பாட்டு என்று அன்று நமக்குத் தெரியாது. பின்னர்த் தமிழ் பயில வந்து, குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல் திரட்டைக் கையில் எடுத்தபோதுதான், அரைத் தூக்கத்தில் கேட்ட அச்சந்தங்கள் சில அச்செழுத்தாக நம்முன் நின்றன. புலவர் ஒருவரைப் படித்து அறிவதற்கு முன்பே கேட்டு அறிந்திருக்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

இராமநாதபுரம் சீமையில், தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடி என்னும் சிற்றூரில் 1792-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அவர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தந்தையார் நயினா முகம்மது, தாயார் பாத்திமா. இளமையில் கீழக்கரைக்குச் சென்று, தைக்கா சாகிபு என்று வழங்கப்பெற்ற ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் அவர்களிடம் மார்க்கக் கல்வி கற்றார். அரபியும் தமிழும் ஒருங்கே செழித்திருந்த ஊர் கீழக்கரை. பிற்காலத்து அவர்தம் பாக்களில் இரு மொழிச் சொற்களும் இடையூறின்றிக் கைகோத்து நடப்பதற்கு வித்து அங்கே ஊன்றப்பட்டது எனலாம்.

பதினேழாம் வயதில் தாய்மாமன் மகளை அவருக்கு மணம் முடிக்கப் பெரியோர் எண்ணினர். அவரோ இல்லறத்தை மறுத்து ஊரை விட்டு வெளியேறினார். அம்முறைப்பெண்ணின் மனம் என்ன பாடுபட்டதோ, அதனை எந்த வரலாறும் கூறவில்லை. துறவியர் வரலாறுகளில் இத்தகைய மௌனம் எப்போதும் உண்டு.

1813-இல் திரிசிரபுரத்தில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் ஞானதீட்சை பெற்றார். முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பெயரால் அமைந்த காதிரிய்யா நெறியே அவர் நெறி. அப்பெரியாரைப் போற்றிய முகியித்தீன் சதகம் அவர்தம் நூல்களுள் ஒன்று. மதுரைக்கு அருகே சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தவம் இயற்றினார் என்பர். அதன்பின் காடும் மலையுமாகச் சில ஆண்டுகள் திரிந்தார். மஸ்தான் என்னும் சொல் பாரசீக வழி வந்தது. இறைக்காதலில் தன்னை மறந்தவர், அக்காதலாகிய மதுவை உண்டு மயங்கியவர் என்பது பொருள். ஊரார் கண்ணுக்கு அவர் பித்தராகத் தோன்றியிருத்தல் கூடும்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. திருச்சியில் அரசுப் பணியைத் துறந்து சென்ற தாயுமானவர் அடங்கியது இராமநாதபுரத்தில். இராமநாதபுரம் சீமையில் பிறந்த நம் மஸ்தான் தீட்சை பெற்றது திருச்சியில். இருவரும் ஒரே வழியில் எதிரெதிராக நடந்தவர்கள். தாயுமானவர் பராபரக் கண்ணி பாடினார். ஒரு நூற்றாண்டு கழித்து மஸ்தானும் அதே பெயரில் கண்ணி பாடினார். எக்காலக் கண்ணி, நிராமயக் கண்ணி, ஆனந்தக் களிப்பு என்று சித்தர் மரபின் வடிவங்களையெல்லாம் தமதாக்கிக்கொண்டார். றகுமான் கண்ணியும் அவ்வரிசையிலேயே நிற்கிறது. கண்ணி என்பது இரண்டடி. ஓரடி பாடி முடித்ததும் அடுத்த அடி தானே நாவில் வந்து விழும். எழுத்தறியாதவரும் ஒரு முறை கேட்டுத் திரும்பப் பாடலாம். பக்கீர்களின் தாயிராவுக்கு இதனினும் ஏற்ற வடிவம் வேறில்லை. கீர்த்தனைகளும் பாடியுள்ளார். எனினும் அவர் புகழைத் தெருத்தெருவாகச் சுமந்து சென்றவை கண்ணிகளே என்பது நம் கருத்து.

ஊரை விட்டுப் போனவர் ஊரின் பெயரை மட்டும் விடவில்லை. பாட்டுக்குப் பாட்டு குணங்குடி வருகிறது. இறைவனையும் குருவையும் அவ்வூரில் வாழ்பவராகவே விளிக்கின்றார். நற்குணங்கள் குடியிருக்கும் இடம் என்று அப்பெயரைப் பிரித்துப் பார்த்தால், அது இராமநாதபுரம் சீமையிலுள்ள ஊரன்று, உள்ளத்திலுள்ள ஊர் என்பது விளங்கும்.

நம் சமுதாயத்தில் அவரை ஐயத்தோடு நோக்கியவர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அகத்தீசன் சதகம், நந்தீசன் சதகம் என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே நூலை மூடிவிடுவோர் உளர். மனோன்மணிக் கண்ணியோ அவர்களை மேலும் கலங்கச் செய்யும். அங்கே பரம்பொருள் ஒரு பெண். பாடுபவர் அவளுக்காக ஏங்கும் ஆடவர். தமிழ்ப் பக்திப் பாடல்களில் பெரும்பாலும் இறைவன் தலைவன், அடியார் தலைவி. பாரசீக ஞானியர் பாடல்களில் இறைவனைக் காதலியாக உருவகிப்பது வழக்கு. மஸ்தான் யோக நூலார் வழங்கிய ஒரு பெயரை எடுத்து, பாரசீக மரபின் காதலியை அதற்குள் குடியேற்றினார். இதனைப் பிறசமயச் சாயல் என்று ஒதுக்குவதை நாம் ஏற்கவில்லை. இருப்பினும், சொல்லின் மேற்பரப்போடு நின்றுவிடும் பாமரர் மயங்கக்கூடும் என்று ஆலிம்கள் அஞ்சியதையும் பழிக்க நமக்கு மனமில்லை. தவ்ஹீதை உயிரெனக் காப்பவர் அஞ்சத்தான் செய்வர். பாடம் நடத்தும் நாமோ, அவர் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆண்டார் என்பதை மாணவர்க்கு விளக்கும் கடமையிலிருந்து தப்ப முடியாது.

அலைந்து திரிந்தவர் இறுதியில் சென்னை வந்து, இராயபுரம் பகுதியில் இலெப்பைக்காடு என வழங்கிய முட்புதர் நிறைந்த இடத்தில் தங்கினார். தொண்டியிலிருந்து வந்தமையால் மக்கள் அவரைத் தொண்டியார் என்றனர் என்றும், தண்டையார்பேட்டை என்னும் பெயர் அவரால் வந்தது என்றும் மேடைதோறும் கூறுவர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆயினும் 1693-இல் ஆங்கிலக் கம்பெனி பெற்ற ஊர்களின் வரிசையிலேயே அப்பெயர் காணப்படுகிறது. அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்பு! அவர் பெருமைக்கு ஒரு பேட்டையின் பெயர் தேவையுமில்லை.

அங்கே அவரைச் சூழ்ந்தவர் யார் என்பது அதனினும் பெரிய செய்தி. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். சரவணப்பெருமாளையர் திருக்குறள் பதிப்புடன் பெயர் இணைந்த பெரும்புலவர், வீரசைவர். அத்தகையவர் ஒரு பக்கீரின்முன் அமர்ந்து மாலை தொடுத்தார்.

ஹிஜ்ரி 1254, ஜமாதுல் அவ்வல் 14-ஆம் நாள், அஃதாவது 1838 ஆகஸ்டுத் திங்களில், ஐம்பதைக் காணாமலே மஸ்தான் மறைந்தார். தாம் வாழ்ந்த இடத்திலேயே அடக்கமானார். இராயபுரத்துத் தர்கா அதுவே. அவர் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியவர் சீயமங்கலம் அருணாசல முதலியார். பின்னாளில் உரை எழுதியவர் மா. வடிவேலு முதலியார். நம் பள்ளிவாசல் தெருக்களில் தாயிராவோடு திரிந்த பாட்டு, இவ்விரு முதலியார்களின் கை வழியாகவே நம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது.