தமிழில் இரண வைத்தியம் தந்த டாக்டர் கிறீன்



வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பும் நம்மிடையே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. பள்ளியிலே பர்மிய மொழி, மேற்படிப்புக்கு ஆங்கிலம் என்றிருக்கையில் தமிழ் எதற்கு என்பதே அவ்வினா. கோயிலில் பாடவும் வீட்டில் பேசவும் தமிழ் போதும், மருத்துவம், விஞ்ஞானம் போன்றவற்றைத் தமிழ் தாங்காது என்று கருதுவோரும் நம்மிடையே உளர். இவ்வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே செயலால் விடை கூறிச் சென்ற பெருமகன் ஒருவர் இருந்தார். அவர் தமிழர் அல்லர், அமெரிக்கர். டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். அவரது வாழ்க்கையை இங்குச் சுருங்கக் காண்போம்.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் என்னும் ஊரில், 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் கிறீன் பிறந்தார். இந்நாட்டார் நன்கறிந்த ஜட்சன் பாதிரியார் பிறந்ததும் அதே மாநிலத்தில்தான். ஜட்சன் 1813இல் இரங்கூனில் வந்திறங்கிப் பர்மிய மொழிக்கு அகராதி தொகுத்தார். அவருக்குப் பின் ஒரு தலைமுறை கழித்துக் கடல் கடந்த கிறீனோ தமிழுக்கு மருத்துவ நூல்களை ஆக்கித் தந்தார்.

கிறீன் நியூயார்க்கிலுள்ள மருத்துவ, அறுவை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். நியூயார்க் பெருநகரை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராகப் போற்றப்படும் ஆண்ட்ரூ கிறீன் இவருடைய உடன்பிறந்தவரே. இவரும் அப்பெருநகரிலேயே தங்கிப் பொருளும் புகழும் ஈட்டியிருக்கலாம். ஆயினும் அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் கப்பலேறி, அவ்வாண்டே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் அவரது பணி நடைபெற்றது.

மானிப்பாய்ப் பணி

வந்தவுடன் அவர் மேற்கொண்ட முதல் வேலை தமிழ் கற்றதேயாகும். நோயாளியின் மொழி தெரியாத மருத்துவன் நோயை அறிவது எங்ஙனம்? அக்காலத்தில் வாந்திபேதி என்னும் கொடிய நோய் ஊர் ஊராகப் பரவி மக்களை வாரிக்கொண்டு சென்றது. ஒரே மருத்துவர் எத்தனை ஊர்களுக்குச் சென்று சிகிச்சை அளிக்க இயலும்? ஆகவே உள்ளூர் இளைஞர்களையே மருத்துவர்களாக்கத் துணிந்து, 1848இல் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தம் காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களை அவர் மருத்துவர்களாக உருவாக்கினார்.

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆங்கிலத்தில் தேர்ந்தவர்களோ அரசாங்க உத்தியோகம் தேடிப் பிற ஊர்களுக்குப் போய்விட்டனர். யாருக்காக அவர்கள் பயிற்றப்பட்டார்களோ அந்தக் கிராமத்து மக்கள் பழையபடியே வைத்தியரின்றி நின்றனர். இதனைக் கண்டு கவன்ற கிறீன், தமிழில் மருத்துவம் கற்றவரே தமிழ் மக்களிடையே தங்குவர் எனத் தெளிந்து, 1860களில் பயிற்று மொழியைத் தமிழாக்கினார். தம் மாணவர்கள் மேனாட்டு உடைக்கும் உணவுக்கும் மாறுவதையும் அவர் விரும்பவில்லை. மருத்துவர் தம் மக்களுள் ஒருவராகவே வாழவேண்டும் என்பது அவர் கொள்கை.

சொல் தேடிய வரலாறு

தமிழில் கற்பிக்க நூல்கள் வேண்டுமே! அங்காதிபாதம் எனப்படும் உடலமைப்பியல், சுகரணம் எனப்படும் உடலியக்கவியல், பிரசவ வைத்தியம் எனத் துறைதோறும் நூல்களை அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கினர். மருந்தியல் நூலும், கெமிஸ்தம் என்ற பெயரில் வேதியியல் நூலும் அவ்வரிசையில் சேர்ந்தன. இவ்வாறு வெளிவந்தவை நாலாயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்டவை.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் கையாண்ட முறை இன்றும் எண்ணத் தக்கது. ஒரு பொருளுக்குத் தமிழில் சொல் உண்டா என்று முதலில் தேடுவார். இல்லையெனில் வடமொழியை நாடுவார். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் தமிழ் ஓசைக்கேற்ப எழுதுவார். கெமிஸ்தம் என்ற நூற்பெயரே இம்மூன்றாம் முறைக்குச் சான்று. சொல் இல்லை என்ற காரணத்தால் பாடத்தை நிறுத்துவது அவருக்கு உடன்பாடன்று.

இரண வைத்தியம்

அவர் தந்த நூல்களுள் 1867இல் வெளிவந்த இரண வைத்தியம் குறிப்பிடத் தக்கது. இரணம் என்றால் புண். இங்கிலாந்து மருத்துவர் டுரூயிட் எழுதிய அறுவை மருத்துவ நூலின் தமிழாக்கமே அது.

அக்காலத்தில் தீப்புண்ணுக்கு மேனாட்டார் ஆளிவிதை எண்ணெயையும் சுண்ணாம்புத் தெளிநீரையும் கலந்து பூசினர். நம் முன்னோர் தேங்காய் எண்ணெயையும் சுண்ணாம்புத் தெளிநீரையும் கலந்து பூசினர். இரண்டும் எரிச்சலைத் தணித்தன. ஆயினும் புண் சீழ் கட்டுவதைத் தடுக்க எவராலும் இயலவில்லை. சீழ் கட்டுவது ஏன் என்பதே அன்று தெளிவாகவில்லை.

அதே 1867ஆம் ஆண்டில்தான் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் தம் கண்டுபிடிப்பை இலண்டன் மருத்துவ இதழில் வெளியிட்டார். புண் அழுகக் காரணம் நுண்கிருமிகளே எனக் கொண்ட அவர், கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் புண்ணைக் கட்டினார். 1865இல் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்த பதினொரு வயதுச் சிறுவனுக்கு கிளாஸ்கோவில் அவர் இம்முறையைக் கையாள, அவன் காலும் உயிரும் பிழைத்தன. ஐரோப்பாவிலே புண் மருத்துவம் புதுவழி காணத் தொடங்கிய அதே ஆண்டில், யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவன் அத்துறையின் பாடநூலைத் தன் தாய்மொழியில் கையில் ஏந்தியிருந்தான் என்பதை எண்ண நம் நெஞ்சம் நிமிர்கின்றது.

தீப்புண்ணும் நாமும்

தோல் நம் உடலுக்கு வேலி. தீயால் வேலி அழிந்ததும் கிருமிகள் உள்ளே நுழைகின்றன. வெந்து இறந்துபோன தசை அவற்றுக்கு உணவாகின்றது. அப்பகுதிக்கு இரத்த ஓட்டம் செல்லாமையால், உட்கொள்ளும் மருந்தும் ஊசி மருந்தும் அங்குப் போதிய அளவு சென்று சேர்வதில்லை. எனவேதான் பெரிய தீப்புண்களுக்கு மேற்பூச்சு மருந்து இன்றியமையாததாயிற்று. 1965இல் மோயர் என்பவர் நூற்றுக்கு அரைப் பங்கு வெள்ளி நைட்ரேட் கரைசலைப் பயன்படுத்தினார். 1968இல் சார்லஸ் பாக்ஸ் என்பவர் சில்வர் சல்பாடயசின் என்னும் வெண்களிம்பை அறிமுகப்படுத்தினார். பாக்ஸ் பணியாற்றிய கல்லூரி, கிறீன் பட்டம் பெற்ற அதே நியூயார்க் கல்லூரியாகும்! இன்று வேறு பல கட்டுத்துணிகளும் வந்துள்ளன. சிறு புண்களில் அவை அக்களிம்பைவிட விரைவாக ஆற்றக்கூடும் என ஆய்வுகள் கூறுவதால், எதை இடுவது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

நம் மாவ்பி இல்லங்களில் விறகடுப்பும், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியும், தீபாவளிப் பட்டாசும் உண்டு. ஆகையால் ஒவ்வொரு பிள்ளையும் அறியவேண்டியவை சில. தீப்பட்ட இடத்தில் உடனே தூய குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஓடவிடுதல் வேண்டும். பனிக்கட்டி வைத்தல் கூடாது. வளையல், மோதிரம் ஆகியவற்றை வீங்கும் முன்னரே கழற்றவேண்டும். பின்பு தூய துணியால் தளர்வாக மூடவேண்டும். கொப்புளத்தை உடைத்தலும், பற்பசை, மை, மாவு, நெய் முதலியவற்றைப் பூசுதலும் தீது. அவை சூட்டை உள்ளே அடைப்பதோடு கிருமிக்கும் இடமளிக்கும். முகம், கை, மூட்டு ஆகியவற்றில் பட்ட புண்ணையும், குழந்தைகளுக்கு ஏற்பட்ட தீப்புண்ணையும், உள்ளங்கையிலும் பெரிய புண்ணையும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இறுதி நாள்கள்

பத்தாண்டுப் பணிக்குப் பின் தாயகம் சென்ற கிறீன், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் நங்கையை மணந்து, மனைவியுடன் மீண்டும் மானிப்பாய் வந்தார். 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு அமெரிக்கா திரும்பினார். அத்துடன் தமிழ்ப்பணி நின்றதா? இல்லை. கடல்களுக்கு அப்பாலிருந்தும் தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தி அச்சிடும் பணியைத் தொடர்ந்தார். கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், தாம் பிறந்த வூஸ்டரிலேயே அவர் உயிர் நீத்தார். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் புகழுக்குச் சான்றாயிற்று.

அவருக்குப் பின் யாழ்ப்பாணத்தில் மருத்துவக் கல்வி மீண்டும் ஆங்கிலத்துக்கே திரும்பியது. தமிழால் இயலாது என்பதனால் அன்று. தொடர்ந்து முயல்வார் இல்லாமையால் அங்ஙனம் ஆயிற்று. கிறீன் தந்த நூல்களே தமிழால் இயலும் என்பதற்குச் சான்று.

மாணவச் செல்வங்களே! பர்மிய மொழியையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்பீராக. உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம். அன்று தீப்புண்ணுடன் ஒரு பாட்டி உங்கள் முன் வந்தமர்ந்து, தமிழன்றி வேறு மொழி அறியாது விழிக்கக்கூடும். அப்போது அவருடைய வலியை அவர் மொழியிலேயே கேட்டு, செய்யவேண்டியதை அவர் மொழியிலேயே கூற உங்களால் இயலவேண்டும். எங்கோ பிறந்த ஒருவர் அதற்காகவே தமிழ் கற்றார். தமிழராய்ப் பிறந்த நாம் அதனைக் கைவிடலாமா?

வாழ்க கிறீன் நினைவு! வளர்க தமிழ்!