பம்புக் கைப்பிடியைக் கழற்ற வைத்த டாக்டர்

இந்த மலரில் விசுவேசுவரய்யாவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருப்பார்கள். நான் ஒரு கூலித் தொழிலாளியின் மகனைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பெயர் ஜான் ஸ்னோ.

1813-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். 14 வயதில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். நம்ம பாஷையில் சொன்னால் அப்ரண்டிஸ்! சில வருஷத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் காலரா. தொழிலாளிகளைக் கவனிக்க இந்தப் பையனைத்தான் அனுப்பினார்கள்.

கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரிய டாக்டர்களே நம்பிய காலம் அது. ஸ்னோ யோசித்தார். காற்று என்றால் நுரையீரல் அல்லவா முதலில் கெடணும்? இது குடலில் அல்லவா ஆரம்பிக்கிறது! அப்படியானால் வாய்வழியாகத்தான் உள்ளே போகிறது. 1849-ல் இதை அச்சிட்டும் வெளியிட்டார். பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1854 ஆகஸ்ட் கடைசி. லண்டன் பிராட் தெருவில் காலரா புகுந்து 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு போனது. செத்தவர்கள் எந்தப் பம்பில் தண்ணீர் பிடித்தார்கள் என்று ஸ்னோ விசாரித்துக்கொண்டே போனார். எல்லாக் கையும் ஒரே பம்பைக் காட்டியது. செப்டம்பர் 8-ல் அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணிய ஆரம்பித்திருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அதுதான் நேர்மை!

முதலில் அவரை நம்பாத ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியாரே பிறகு உண்மையைத் தேடிப் போனார். நோயுற்ற ஒரு குழந்தையின் துணி அலசிய தண்ணீர் மலக்குழியில் கொட்டப்பட்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், இடிந்த அந்தக் குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் சில அடிதான் தூரம்!

1858-ல், 45 வயதில் ஸ்னோ மறைந்தார். 1884-ல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்ததைப் பார்க்க அவர் இல்லை.

இப்போது நம்ம காலத்துக்கு வருவோம். கொரோனாவை நுரையீரல் நோய் என்றே நினைத்தோம். அது குடலிலும் பெருகும். அறிகுறி இல்லாதவர் மலத்திலும் அதன் தடயம் வெளியேறும். அதனால்தான் 2022-ல் பக்கத்துப் பெங்களூரில் 28 கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். ஒருவரையும் குத்தாமல், பெயர் கேட்காமல், ஊர் முழுக்க நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். ஸ்னோ வீடு வீடாகக் கேட்டதைச் சாக்கடையே சொல்லிவிடுகிறது!

அத்திப்பள்ளி செக்போஸ்ட் லாரியை நிறுத்தும், கிருமியை நிறுத்துமா? பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் கலந்து வந்து நம்ம கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதைப் பார்க்காதவர் யார்?

இதை எழுதும்போது சர்வே டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் போனேன். செப்டிக் டேங்குக்கும் போர்வெல்லுக்கும் 11 அடி. போன மழையில் என் தங்கை வயிற்றுப்போக்கால் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா இப்போது கொதிக்கவைத்துத்தான் தருகிறார்.

சிவில் நண்பர்களே, உங்கள் வீட்டில் எத்தனை அடி? இன்றைக்கே அளந்து பாருங்கள்!