தனிப்பாசுரமும் பரிதிமாற் கலைஞரும்

வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1870ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்தார். தந்தையாரிடம் வடமொழியும் சபாபதி முதலியாரிடம் தமிழும் பயின்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1892இல் இளங்கலைப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே அங்குத் தமிழ்ப் பணியேற்றார். ஆங்கில இலக்கியப் பயிற்சியும் தமிழ் யாப்புப் புலமையும் ஒருவரிடத்தே கூடிய இந்நிலையே தமிழில் சானெட் தோன்றுதற்குக் களமாயிற்று.

சானெட் என்பது இத்தாலியில் தோன்றி ஆங்கிலத்தில் வேரூன்றிய பதினான்கடிப் பாட்டு. பெட்ரார்க் மரபு அதனை எட்டும் ஆறுமாகப் பகுக்கும். ஷேக்ஸ்பியர் மரபு மூன்று நாலடிப் பகுதிகளும் ஈரடி முடிவுமாக அமைக்கும். இரண்டிலும் ஒரே கருத்து வளர்ந்து, ஓரிடத்தில் திரும்பி, நிறைவுறும். அடியிறுதி இயைபு அவ்வடிவத்தின் கட்டுக்கோப்பாகும். தமிழ்ச் செய்யுளோ அடித்தொடக்கத்து எதுகையையும் சீர்தொறும் வரும் மோனையையும் பெரிதும் சார்ந்தது. எனவே, ஒரு கருத்தைப் பதினான்கடியில் அடக்கும் ஒழுங்கே தமிழுக்குப் பெயர்த்தற்குரியதாக எஞ்சுகிறது. ஆசிரியப்பாவுக்கு மூன்றடிச் சிறுமையும் ஆயிரமடிப் பெருமையும் தொல்காப்பியம் வகுத்தலின், பதினான்கடி என்னும் அளவு தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று.

இவ்வகைப் பாக்களை இவர் ஞானபோதினி இதழில் வெளியிட்டுப் பின்னர்த் தனிப்பாசுரத்தொகை என நூலாக்கினார். தம் பதவியும் புகழும் படிப்போர் மதிப்பீட்டில் குறுக்கிடலாகாது எனக் கருதி, இந்நூலுக்குப் பரிதிமாற் கலைஞர் எனப் புனைபெயர் பூண்டார். சூரியன் பரிதியாகவும் நாராயணன் மாலாகவும் சாஸ்திரி கலைஞராகவும் மாறிய பெயர் அது. ஆங்கிலத்திலிருந்து வந்த வடிவில் அமைந்த இப்பாக்களை ஜி.யு. போப் ஆங்கிலத்திலேயே மொழிபெயர்த்தார். தம்மை மறைத்துக்கொள்ளச் சூடிய பெயரே இன்று இவரை அடையாளப்படுத்தும் பெயராக நிலைத்துவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் முயற்சி 1902இல் எழுந்தபோது இவர் அதனை எதிர்த்து நின்றார். தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூலில் தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவினார். 1903ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், 33ஆம் அகவையில், என்புருக்கி நோயால் மறைந்தார். அவர் முன்வைத்த செம்மொழித் தகுதியை இந்திய அரசு 2004இல் ஏற்றது.

செம்மொழி வாதத்தையும் சானெட் முயற்சியையும் தனித்தனியே நோக்குவது இவரை முழுமையாகக் காட்டாது. தொன்மையால் உறுதிபெற்ற மொழி, அயல் வடிவத்தை ஏற்றும் தன் இயல்பு கெடாது நிற்கும் என்னும் துணிபே இரண்டற்கும் அடிப்படையாகும்.